கட்டிலிலிருந்து எத்தனை கிலோமீட்டர்? இயன்முறை சிகிச்சையும் சேரியின் தொலைவும்

இயன்முறை சிகிச்சை மருந்துச் சீட்டில் எழுதி முடிக்கிற மருத்துவமன்று. காய்ச்சலுக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையம் சென்று ஐந்து நாள் மாத்திரையோடு திரும்பிவிடலாம். பக்கவாதத்தில் செயலிழந்த கையை மீட்பதற்கும், எலும்பு முறிவுக்குப் போட்ட மாவுக்கட்டைப் பிரித்தபின் விறைத்துப்போன முழங்காலை மடக்குவதற்கும், மூளை முடக்குவாதத்துடன் பிறந்த குழந்தையை உட்காரப் பழக்குவதற்கும் அது போதாது. ஒரே நோயாளியை வாரத்துக்குப் பல முறை, மாதக்கணக்கில், ஒருவர் தொட்டுப் பழக்கவேண்டும். எல்லா மருத்துவப் பணிகளுக்கும் தொலைவு ஒரு தடைதான். இயன்முறை சிகிச்சையிலோ அது ஒவ்வொரு அமர்வுக்கும் புதிதாக வசூலிக்கப்படும் தண்டமாகிறது.

தமிழ்நாட்டு ஊரகத்தை எடுத்துக்கொண்டு இரண்டு கேள்விகளை இங்கே ஆராய்கிறோம். அரசின் ஆரம்ப சுகாதாரக் கட்டமைப்பில் இயன்முறை சிகிச்சை எந்த இடத்தில் நிற்கிறது? சேரியில் படுத்திருக்கும் நோயாளிக்கும் அந்த இடத்துக்கும் உள்ள தூரம் எங்கிருந்து அளக்கப்படுகிறது?

விடுபட்ட நான்காவது சொல்

1978இல் அல்மா அட்டாவில் கூடிய உலக நாடுகள் வெளியிட்ட பிரகடனம், ஆரம்ப சுகாதாரம் என்பதில் நலம் பேணல், நோய்த்தடுப்பு, சிகிச்சை, மறுவாழ்வு ஆகிய நான்கையும் சேர்த்தே சொன்னது. முதல் மூன்றும் ஏதோ ஒரு வடிவில் கிராமத்தை எட்டின. தடுப்பூசி வந்தது, பிரசவம் வந்தது, இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வந்தது. நான்காவது சொல் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் ஒரு மூலை அறையில் தங்கிவிட்டது.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. இந்தியாவில் சமவெளியில் 30,000 பேருக்கும், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நெறி. அந்நிலையத்தில் யார் யார் இருக்கவேண்டும் என்பதை இந்தியப் பொதுச் சுகாதாரத் தரநெறிகள் வகுத்தன. 2012ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பின் ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர் பட்டியலில் மருத்துவர், மருந்தாளுநர், செவிலியர், ஆய்வகநுட்பர், கணக்கர் எல்லோரும் உண்டு. இயன்முறை சிகிச்சையாளர் இல்லை. பட்டியலில் இல்லாத பணியிடத்தைக் காலியிடம் என்றுகூடச் சொல்ல முடியாது. மருத்துவர் பணியிடம் நிரப்பப்படவில்லை என்று மறியல் செய்யலாம். உருவாக்கப்படாத பணியிடத்துக்காக யாரிடம் முறையிடுவது?

துண்டு துண்டாகச் சில ஏற்பாடுகள் வந்தன. 2010-11இல் தொடங்கிய முதியோர் நலத் தேசியத் திட்டம் சமுதாய நல மையங்களில் மறுவாழ்வுப் பணியாளரைப் பற்றிப் பேசியது. 2013இல் வந்த தேசிய சிறார் நலத் திட்டம் மாவட்டத்துக்கு ஒரு தொடக்கநிலை இடையீட்டு மையத்தைக் கொண்டுவந்தது. பள்ளிக் கல்வித் துறையின் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் மாற்றுத்திறன் மாணவர்களுக்கு வட்டார வள மையத்தில் இயன்முறைப் பயிற்சி அளிக்கிறது. அண்மையில் உலக வங்கி உதவியுடன் நடைபெறும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின்கீழ் ‘விழுதுகள்’ மையங்கள் வரத் தொடங்கியுள்ளன. ஒவ்வொன்றும் தேவையானதே. ஆனால் பெரும்பாலும் இவை வட்டாரத் தலைமையிடத்திலோ மாவட்டத் தலைநகரிலோ நிற்கின்றன. நோயாளி அங்கே போகவேண்டும்.

முப்பத்தாறு நாள் கணக்கு

பக்கவாதத்துக்குப் பின்வரும் முதல் மூன்று மாதங்களில்தான் உடல் இழந்ததைப் பெருமளவு மீட்கிறது. அந்தக் காலத்தில் கையும் காலும் அசைக்கப்படாவிட்டால் தசை சுருங்குகிறது, மூட்டு இறுகுகிறது, தோள் இறங்குகிறது, முதுகில் படுக்கைப்புண் வருகிறது. பிறகு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் முழுப்பயன் கிடைப்பது அரிது.

வாரத்துக்கு மூன்று அமர்வு, பன்னிரண்டு வாரம் என்று மிதமாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 36 பயணங்கள். நோயாளி தனியே போக முடியாது. துணைக்கு ஒருவர் வேண்டும். வட்டாரத் தலைமையிடத்துக்குப் போய்த் திரும்பினால் துணைவருபவரின் அன்றைய கூலி போயிற்று. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2024-25இல் அறிவிக்கப்பட்ட நாள் ஊதியம் 319 ரூபாய். முப்பத்தாறு நாளுக்கு 11,484 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதற்கும் சட்டம் உறுதியளித்த நூறு நாளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இப்படிக் கரைகிறது. படுத்துவிட்டவரின் சொந்தக் கூலியை இதில் நாம் சேர்க்கவில்லை. ஆட்டோ வாடகையையும் சேர்க்கவில்லை. ஆக, சிகிச்சை இலவசம் என்று சுவரில் எழுதியிருக்கும்போதே அதற்கு விலையும் இருக்கிறது.

மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து இருக்கிறதே என்பர். 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த அத்திட்டமும், பின்னர் அதில் மாற்றுத்திறனாளிகளும் அவர்தம் துணைவரும் சேர்க்கப்பட்டதும், உழைக்கும் பெண்களுக்குச் செய்திருக்கும் நன்மை பெரிது. ஆனால் பேருந்தின் முதற்படியில் கால் வைக்க முடிந்தவருக்கே அது பயன்படும். ஒருபக்கம் செயலிழந்தவருக்கு அந்தப் படியே ஒரு சுவர்.

இதனால் நடப்பது என்ன? முதல் வாரம் மூன்று முறை போவார்கள். அடுத்த வாரம் ஒருமுறை. அறுவடையோ நடவோ தொடங்கினால் அதுவும் நின்றுவிடும். மருத்துவமனைப் பதிவேட்டில் ‘நோயாளி தொடர்ந்து வரவில்லை’ என்று எழுதப்படும். வராதவரின் அலட்சியமாக அது வாசிக்கப்படும்.

வட்டாரத்துக்கு ஒருவர்

நோயாளி போக முடியாவிட்டால் சிகிச்சை அவரிடம் வரட்டும் என்ற எண்ணத்தை அரசுத் திட்டமாக்கியது மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதனைத் தொடங்கிவைத்தார். வீட்டுக்கே இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகள், நோய் தணிப்புப் பராமரிப்பு, இயன்முறை சிகிச்சை, சிறுநீரக நோயாளிகளுக்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் சுத்திகரிப்புக்கான பைகள் என்று அது விரிந்தது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் அதன் கால்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் கிடைத்தது. சேரியில் படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒருவரின் வாசலுக்கு அரசு ஊர்தி வந்து நின்றது என்பதே பல குடும்பங்களின் நினைவில் முதன்முறை நடந்தது. இதைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது.

ஆனால் கணக்கைப் பார்க்கவேண்டும். ஊரகத்தில் வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை சிகிச்சையாளர் என்பதே திட்டத்தின் அமைப்பு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் ஊரக மக்கள் 3.72 கோடி. திட்டம் தொடங்கியபோது இருந்த 385 வட்டாரங்களால் வகுத்தால், ஒரு சிகிச்சையாளருக்கு ஏறத்தாழ 96,600 பேர்.

அவர் ஒரு நாளைக்கு எட்டு வீடுகளுக்குப் போகிறார், மாதம் 25 நாள் வேலை செய்கிறார் என்று கொள்வோம். சாலையும் ஊர்தியும் ஒத்துழைத்தால் மாதத்துக்கு 200 வருகைகள். ஒரு நோயாளிக்கு வாரம் மூன்று முறை, அதாவது மாதம் பன்னிரண்டு முறை என்றால், அவரால் 16 பேரைத்தான் முழுமையாகக் கவனிக்க முடியும். வாரம் ஒருமுறை போதும் என்று சுருக்கினாலும் 50 பேர். ஒரு லட்சம் பேர் வாழும் வட்டாரத்தில் பக்கவாதம், எலும்பு முறிவு, மூட்டுத் தேய்மானம், முதுகெலும்புக் காயம், மூளை முடக்குவாதம் எல்லாம் சேர்ந்து பதினாறு பேரோடு நின்றுவிடுமா?

எண்ணிக்கையைக் கூட்டவேண்டிய நெருக்கடியில் சிகிச்சையாளர் செய்யக்கூடியது ஒன்றுதான். ஒருமுறை போவது, பயிற்சியை வீட்டாருக்குக் கற்றுக்கொடுப்பது, பல வாரம் கழித்து மறுபடி எட்டிப்பார்ப்பது. வீட்டாரே பயிற்சி கொடுக்கட்டும் என்ற யோசனை இந்தியாவிலேயே பெரிய அளவில் சோதிக்கப்பட்டிருக்கிறது. 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளை வைத்து நடத்தப்பட்டு 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ‘அட்டெண்ட்’ ஆய்வு அது. குடும்பத்தாருக்குப் பயிற்சி தந்து வீட்டில் செய்யச்சொன்ன பிரிவினருக்கும் வழக்கமான கவனிப்பைப் பெற்ற பிரிவினருக்கும் இடையே, ஆறு மாத முடிவில் இறப்பிலோ பிறரைச் சார்ந்திருக்கும் நிலையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வீட்டாரின் அன்பு வீண் என்று இதற்குப் பொருளில்லை. பயிற்சி பெற்ற கைக்கு அது மாற்றாகிவிடாது. அதிலும் பகல் முழுவதும் வயலிலோ செங்கல் சூளையிலோ நிற்கும் வீட்டார் எந்த நேரத்தில் அப்பயிற்சியைக் கொடுப்பர் என்பது தனிக் கேள்வி.

இச்சிகிச்சையாளர்கள் ஒப்பந்த அடிப்படையில், தொகுப்பூதியத்தில் பணியாற்றுபவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மாதக்கணக்கில் ஒரே நோயாளியைத் தொடரவேண்டிய மருத்துவத்தை, அடுத்த ஆண்டு பணி நீட்டிக்கப்படுமா என்று தெரியாதவரிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

அளவுகோல் நிற்கும் இடம்

இனி இடத்தின் அரசியலுக்கு வருவோம். ஒரு குடியிருப்பிலிருந்து மருத்துவ நிலையம் எவ்வளவு தூரம் என்பதைப் புவியியலாளர்கள் பல வகையில் அளக்கிறார்கள். வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளப்பது ஒன்று. சாலை வழியே அளப்பது மற்றொன்று. பயண நேரத்தையும், அந்த நிலையத்தை எத்தனை பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்து அளப்பது மேலும் நுட்பமானது. எந்த முறையானாலும் தொடக்கப் புள்ளி ஒன்று வேண்டும். கிராமத்தை ஒரே புள்ளியாகக் குறித்துவிட்டால் அந்தப் புள்ளி பொதுவாக ஊரின் நடுவில் விழும். சேரி அதன் ஓரத்தில், வாய்க்காலுக்கு அப்பால், சில இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும். தமிழ்நாட்டுக் கிராமம் ஒரு புள்ளியன்று. குறைந்தது இரண்டு புள்ளி. அண்ணல் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைப் பற்றி எழுதியபோதெல்லாம் முதலில் சுட்டிக்காட்டியது இந்தப் பிரிவினையைத்தான்.

அந்த ஒரு கிலோமீட்டர் நலமுள்ளவருக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. கைத்தாங்கலாக நடப்பவருக்கு அது முடியாத தூரம். தார்ச்சாலை ஊரோடு முடிந்து மண்பாதை தொடங்கினால் சக்கர நாற்காலி அங்கேயே நிற்கும். பாதையே தனியார் பட்டா நிலத்தின் வழியாகப் போகும் குடியிருப்புகளும் உண்டு. 2019 ஆகஸ்டில், அன்றைய வேலூர் மாவட்டத்து வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்குப் போகும் வழி மறிக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். காணொளி பரவி, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. பிணம் போகவே வழியில்லாத இடத்தில் நடைப்பயிற்சிக்கு வழி எங்கே?

தேவை எந்தப் பக்கம் கூடுதல் என்பதையும் அரசின் எண்களே சொல்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகளின் பங்கு பட்டியல் சாதியினரிடையே 2.45 சதவீதம்; இவ்விரு பட்டியலிலும் சேராதவரிடையே 2.18 சதவீதம், பழங்குடியினரிடையே 2.05 சதவீதம். நாற்று நட்டுக் குனிந்த இடுப்பும், சூளையில் கல் சுமந்த முதுகும், சாக்கடையில் இறங்கிய காலும் இந்தக் கணக்குக்குள்கூட வருவதில்லை. அவை ‘வலி’ என்ற பெயரில் ஓர் ஊசியோடு அனுப்பப்படுகின்றன. சாதி உழைப்பைப் பகிர்ந்த விதமே எந்த மூட்டு முதலில் தேயும் என்பதையும் தீர்மானித்தது. மருத்துவம் எங்கே மிகுதியாகத் தேவையோ அங்கே குறைவாகக் கிடைக்கும் என்று பிரிட்டன் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் எழுதியதைச் சுகாதார மாணவர்கள் ‘தலைகீழ் விதி’ என்று படிக்கிறார்கள். நம் சேரிகளுக்கு அது பாடப்புத்தகம் தேவைப்படாத செய்தி.

தொட்டுச் செய்யும் மருத்துவம்

சாலை போட்டு, பணியிடம் உருவாக்கி, ஊர்தியும் கொடுத்தபின் இன்னொரு தூரம் மிஞ்சுகிறது. இயன்முறை சிகிச்சை தொடாமல் செய்ய முடியாதது. சிகிச்சையாளர் வீட்டுக்குள் வரவேண்டும், பாயில் உட்காரவேண்டும், நோயாளியின் காலைத் தன் மடியில் வைத்து மடக்கி நீட்டவேண்டும், அரை மணி நேரம் அங்கிருக்கவேண்டும். வேண்டுமானால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவேண்டும். தீண்டாமை எதையெல்லாம் தடை செய்ததோ, அவ்வளவும் இங்கே மருத்துவமாக இருக்கிறது.

11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006இல் நூலாக வந்த ‘ஊரக இந்தியாவில் தீண்டாமை’ ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்தது பதிவாயிற்று. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளின் மருத்துவ அணுக்கத்தை ஆராய்ந்த சங்கமித்ரா ஆச்சார்யா, மருந்து கொடுக்கும்போதும் உடலைப் பரிசோதிக்கும்போதும் தொடுதலைத் தவிர்க்கும் பாகுபாட்டை எழுதினார். மாத்திரையை எட்டி நின்று கையில் போட்டுவிடலாம். அப்போதும் மாத்திரை வேலை செய்யும். எட்டி நின்று கற்றுக்கொடுத்த பயிற்சி வேலை செய்யாது. இப்பாகுபாடு எதிர்த் திசையிலும் வரும். ஊருக்குள் போகும் தலித் சிகிச்சையாளரையோ தன்னார்வலரையோ திண்ணையோடு நிறுத்தினால் அந்த வீட்டு நோயாளிக்கும் சிகிச்சை இல்லை.

வன்கொடுமையில் காயம்பட்டோரை இங்கே தனியே குறிப்பிடவேண்டும். கைகால் முறிக்கப்படுவது வன்கொடுமைகளில் அரிய நிகழ்வன்று. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 2016ஆம் ஆண்டுத் திருத்த அட்டவணை ஊனத்தைச் சதவீதத்தால் அளந்து நிவாரணம் வகுக்கிறது. முழு ஊனத்துக்கு 8.25 லட்சம் ரூபாய். தொகை வேண்டியதே. ஆனால் அது முழங்கையை மடக்காது. தாக்கியவர்களின் தெரு வழியாகத்தான் சிகிச்சைக்குப் போகவேண்டும் என்றால், கிலோமீட்டர் கணக்கு அங்கே பொருளற்றதாகிவிடும்.

பிரேசில் செய்து பார்த்தது

மாற்று வழி கற்பனையன்று. 1988 அரசியலமைப்பில் சுகாதாரத்தைக் குடிமக்களின் உரிமையாக்கிய பிரேசில், குடும்பநலக் குழுக்களைத் தெருத் தெருவாக அமைத்தபின், 2008இல் அக்குழுக்களுக்குத் துணையாகப் பல்துறை மையங்களை உருவாக்கியது. இயன்முறை சிகிச்சையாளர்கள் அவற்றில் முறையான இடம் பெற்றார்கள். மாவட்ட மருத்துவமனையின் கிளையாக இல்லாமல் ஆரம்ப சுகாதாரத்தின் உறுப்பாக அவர்கள் இருந்தார்கள் என்பதே நமக்குப் பாடம். 2019 இறுதியில் நிதிமுறை மாற்றப்பட்டபோது அம்மையங்களுக்கான தனி நிதி நின்றது. 2023இல் வேறு பெயரில் அவை மீண்டும் நிதி பெற்றன. தனித் தலைப்பில் நிதி இருந்தால்தான் இப்பணி நிற்கும் என்பதும் அங்கிருந்தே தெரிகிறது.

கேட்பதற்கு உள்ள சட்டங்கள்

இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 25, 26ஆம் உறுப்புகள், மருத்துவமும் மறுவாழ்வும் ஊரகம் உட்பட மக்களின் சொந்தச் சமூகத்துக்கு இயன்ற அளவு அருகில் கிடைக்கவேண்டும் என்கின்றன. அதையொட்டி வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, அறிவிக்கப்படும் குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு, அருகிலேயே இலவச மருத்துவம் என்றும், மருத்துவமனையின் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற அணுக்கம் என்றும் கூறுகிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழைவதைத் தடுப்பதைப் பெயர் சொல்லியே குற்றமாக்கியது. தமிழ்நாடு 2024இல் நிறைவேற்றிய ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் துறைதோறும் நிதி ஒதுக்கீட்டைக் கேட்க வழி செய்கிறது. சுகாதாரத் துறையின் அந்த ஒதுக்கீட்டில் சேரியை ஒட்டிய துணை சுகாதார நிலையங்களில் வாரம் இருநாள் இயன்முறை சிகிச்சை என்பதை ஏன் கேட்கக்கூடாது? கட்டில், இணைப்புக் கம்பி, ஒரு கண்ணாடி, சுவரில் பொருத்திய கப்பி இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டியதில்லை.

அரசு வெளியிடும் தொகுப்புக் கணக்குகள் எத்தனை லட்சம் பேர் பயன்பெற்றனர் என்று மொத்தமாகச் சொல்கின்றன. ஒருமுறை பார்க்கப்பட்டவரும் முப்பத்தாறு முறை பார்க்கப்பட்டவரும் அதில் தலைக்கு ஒன்றுதான். ஆகவே நாம் வேறு கேள்விகளைக் கேட்கவேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்தில் (வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோர்க்கு அதுவும் இல்லை), வட்டார மருத்துவ அலுவலருக்கு மாணவர்கள் எழுதலாம். கடந்த ஆறு மாதத்தில் இயன்முறை சிகிச்சையாளர் சென்ற நாள்களும் குடியிருப்புகளும் எவை? ஊராட்சி வாரியாக வேண்டாம், குடியிருப்பு வாரியாகத் தருக என்று கேட்கவேண்டும். ஊராட்சியின் பெயருக்குள் சேரி மறைந்துவிடும். ஒரு நோயாளிக்குச் சராசரியாக எத்தனை வருகைகள்? முதல் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் இடையே எத்தனை நாள்? கடந்த மூன்றாண்டில் அந்தப் பணியிடம் எத்தனை மாதம் ஆளின்றி இருந்தது? நோயாளிகளின் பெயரைக் கேட்கத் தேவையில்லை. கேட்டால் அந்தரங்கத்தைக் காட்டி மறுக்க இடம் கிடைக்கும். எண்ணிக்கை போதும். விடைக்குச் சட்டம் தரும் கெடு 30 நாள்.

விடை வரும்வரை செய்யத்தக்க வேலை ஒன்றும் உண்டு. கைப்பேசியில் தூரம் அளக்கும் வசதி எல்லோரிடமும் இருக்கிறது. சேரியில் படுத்திருப்பவரின் கட்டிலிலிருந்து தொடங்கி, தார்ச்சாலை வரை, பேருந்து நிறுத்தம் வரை, துணை சுகாதார நிலையத்தின் வாசற்படி வரை தனித்தனியே அளந்து, வழியில் உள்ள வாய்க்கால், படி, மறிப்பு ஒவ்வொன்றையும் குறித்து, அந்தத் தாளை அடுத்த கிராம சபையில் தீர்மானத்தோடு இணைத்துப் பதிவு செய்யச் சொல்லவேண்டும்.